சீனாவும் தலிபான் ஆளும் ஆப்கானிஸ்தானும்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

அட்டனில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சர்வதேச உறவுகள் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் அதிகம் கேட்பது சீனாவையும் ஆப்கானிஸ்தானையும் பற்றித்தான். கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒரு கட்சி ஆளும் நாடும், மதச் சட்டம் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிற ஆட்சியும் எப்படி நெருங்கிப் பழகுகின்றன என்பது அவர்களுக்குப் பெரிய புதிர். வகுப்பில் கேட்டவை, பெற்றோர் கேட்டவை, மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த உறவால் இரண்டு அரசுகளுக்கும் பயன் உண்டு. அந்த அரசுகளின் கீழ் வாழும் சனங்களிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. அதை மறக்காமல்தான் பதில்களை எழுதியிருக்கிறேன்.

சீனாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் உண்மையிலேயே எல்லை இருக்கிறதா? வரைபடத்தில் தேடினால் தெரியவில்லையே.

இருக்கிறது, மிகச் சிறியது. ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலையிலிருந்து ஒடுங்கிய நிலத்துண்டு ஒன்று கிழக்கே நீண்டு போகும். அதுதான் வகான் தாழ்வாரம். பிரித்தானிய இந்தியாவும் ரஷ்யப் பேரரசும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, 1895இல் அவை இரண்டும் பேசி நடுவில் இந்தத் துண்டை ஆப்கானிஸ்தான் வசம் விட்டன. அங்கே ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த வாகி, கிர்கிஸ் மக்களைக் கேட்டுச் செய்ததல்ல. அதன் கிழக்கு முனையில் சுமார் 76 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டும் சீன எல்லை. 1963இல் இரு நாடுகளும் அதை ஒப்பந்தமாக எழுதிக்கொண்டன.

அந்த எல்லையிலுள்ள வக்ஜிர் கணவாய் 4,900 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. நமது பீதுருதாலகால மலையின் உயரம் 2,524 மீற்றர்தான். ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக்கிடக்கும் இடம். ஆப்கான் தரப்பு எல்லையை நோக்கி ஒரு வீதி வெட்டியிருக்கிறது. ஆனாலும் லொறிகள் வழமையாகப் போய்வரும் பாதையாக அது இன்னும் ஆகவில்லை. சரக்குகள் மத்திய ஆசியா வழியாக ரயிலிலோ, பாகிஸ்தான் வழியாகவோ, விமானத்திலோதான் போகின்றன. இன்னொரு விசேஷம்: அந்த எல்லைக்கோட்டைத் தாண்டினால் கடிகாரத்தை மூன்றரை மணித்தியாலம் மாற்ற வேண்டும். சீனா முழுவதற்கும் பீஜிங் நேரம் ஒன்றுதான் என்பதால் வந்த நிலை அது.

தலிபான் யார் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1994இல் கந்தஹாரில் தோன்றிய இயக்கம். 1996 முதல் 2001 வரை காபூலை ஆண்டது. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா அதை விரட்டியது. இருபது வருடப் போருக்குப் பின், 2020 பெப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2021 ஓகஸ்ட் 15ஆம் திகதி மீண்டும் காபூலைப் பிடித்தது. தலைவர் ஹிபத்துல்லா அகுன்சாதா கந்தஹாரில் இருந்தபடி ஆணைகள் பிறப்பிக்கிறார். தேர்தல் கிடையாது. அவர் சொல்வதுதான் சட்டம்.

கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் சீனா, மத அடிப்படைவாத ஆட்சியுடன் எப்படிச் சேர்ந்து போகிறது?

பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இது. கொள்கை ஒத்துப்போனால்தான் நாடுகள் நண்பர்களாகும் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பாடத்துக்குள் வந்தால் எதுவும் விளங்காது. சீனாவுக்கு முதல் கவலை தன் மேற்குப் பிரதேசமான ஷின்ஜியாங். அங்கே வாழும் உய்குர் மக்கள் முஸ்லிம்கள், துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசுபவர்கள். 2009இல் உரும்சியில் நடந்த கலவரத்தில் ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். 2014 மார்ச்சில் குன்மிங் ரயில் நிலையத்தில் கத்தியால் வெட்டி 31 பேரைக் கொன்றார்கள். இப்படியான வன்முறைகளுக்குக் கிழக்குத் துர்கிஸ்தான் என்ற பெயரில் இயங்கும் ஆயுதக் குழுக்களைச் சீனா குற்றம் சாட்டுகிறது. அந்தக் குழுவினர் சிலர் ஆப்கானிஸ்தானில் தங்கியிருந்தார்கள். ஆகவே, காபூலில் யார் இருந்தாலும் சீனா கேட்கும் முதல் கேள்வி இதுதான்: உங்கள் மண்ணிலிருந்து எங்களுக்கு ஆபத்து வராது என்று உறுதி தருவீர்களா?

2021 ஜூலை 28இல், காபூல் விழுவதற்கு மூன்று வாரம் கூட இல்லாதபோது, சீன வெளிவிவகார அமைச்சர் வாங் யீ, சீனாவின் தியன்ஜின் நகரில் தலிபானின் அரசியல் பிரிவுத் தலைவர் முல்லா அப்துல் கனி பராதரைச் சந்தித்தார். சீனாவுக்கு எதிராக ஆப்கான் மண்ணைப் பயன்படுத்த யாரையும் விடமாட்டோம் என்று தலிபான் தரப்பு வாக்குக் கொடுத்தது. தலிபானுக்கு என்ன தேவைப்பட்டது? உலகம் ஒதுக்கி வைத்திருக்கும் நேரத்தில் பேசுவதற்கு ஒரு பெரிய நாடு, முதலீடு, ஐ.நா. பாதுகாப்புச் சபையில் வீட்டோ அதிகாரம் உள்ள ஒரு தொடர்பு. உங்கள் உள்வீட்டு விஷயத்தில் நாங்கள் தலையிடமாட்டோம், எங்களுடையதில் நீங்கள் தலையிடாதீர்கள் என்பதே உடன்பாட்டின் அடிப்படை.

இப்படி நடந்துகொள்வது சீனாவுக்குப் புதிதல்ல, நம் நாட்டிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1952இல் இலங்கையை ஆண்டது கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி. கொரியப் போர்க்காலம், அரிசித் தட்டுப்பாடு. அப்போதுதான் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் கையெழுத்தானது: வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது. இரு நாடுகளுக்கும் இடையே அப்போது தூதரக உறவே இல்லை. அது 1957இல்தான் வந்தது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நம் ஆட்கள் வெட்டிய இறப்பர்ப் பாலும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

சீனா தலிபான் அரசை அங்கீகரித்துவிட்டதா, இல்லையா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

முறைப்படி அங்கீகரிக்கவில்லை. ஆனால் அங்கீகரித்த நாடு செய்யும் காரியங்களில் பெரும்பாலானவற்றைச் செய்கிறது. 2021இல் மேற்கு நாடுகள் தூதரகங்களை மூடிக்கொண்டு போனபோது சீனத் தூதரகம் திறந்தே இருந்தது. 2023 செப்டெம்பரில் புதிய தூதுவரைக் காபூலுக்கு அனுப்பியது. தலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகு அப்படிச் செய்த முதல் நாடு சீனா. 2024 ஜனவரி 30இல் தலிபான் அனுப்பிய தூதுவரின் நியமனப் பத்திரத்தை ஷி ஜின்பிங் நேரில் ஏற்றுக்கொண்டார். 2021இல் வந்த இந்த ஆட்சியை அதிகாரபூர்வமாக அங்கீகரித்த முதல் நாடு ரஷ்யா, 2025 ஜூலையில்.

சீனா ஏன் அந்தக் கடைசி அடியை எடுத்து வைக்கவில்லை? கேட்பதற்கு இன்னும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்பதால் என்று நான் நினைக்கிறேன். அங்கீகாரத்தை ஒரு தடவைதான் கொடுக்க முடியும். தூதுவர், வர்த்தகம், மாநாட்டு அழைப்பு எல்லாவற்றையும் பகுதி பகுதியாகக் கொடுக்கலாம், தேவைப்பட்டால் இழுத்தும் பிடிக்கலாம்.

ஆப்கானிஸ்தானின் கனிம வளம் முழுவதையும் சீனா அள்ளிக்கொண்டு போகிறது என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் ஒப்பந்தச் செய்தியைப் படித்துவிட்டு, பிறகு என்ன நடந்தது என்று தேடாதவர்கள். லோகர் மாகாணத்தில், காபூலிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது மெஸ் அய்னாக் செப்புச் சுரங்கம். 2008இல், அதாவது தலிபான் மீண்டும் ஆட்சிக்கு வருவதற்கு வெகு முன்பே, சீனக் கம்பனிகள் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் பெறுமதியான 30 வருட ஒப்பந்தத்தில் அதைப் பெற்றன. போர், பாதுகாப்பின்மை, நிபந்தனைகள் பற்றிய இழுபறி என்று வருடங்கள் ஓடின. 2024 ஜூலையில்தான் சுரங்கத்துக்குப் போகும் வீதி வேலைக்கே விழா வைத்தார்கள்.

எண்ணெயும் அப்படித்தான். 2023 ஜனவரியில் அமு தர்யா படுகைக்கு 25 வருட ஒப்பந்தம். முதல் வருடம் 150 மில்லியன் டொலர், மூன்று வருடத்தில் 540 மில்லியன் டொலர் முதலீடு என்று அறிவித்தார்கள். 2025 ஜூனில், சீனக் கம்பனி சொன்னபடி செய்யவில்லை என்று கூறித் தலிபானே ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது. ஆக, பெரிய நாடு சொன்னதற்கெல்லாம் சின்ன நாடு தலையாட்டுகிறது என்ற கதையும் முழுக்கச் சரியில்லை.

உண்மையில் ஓடுகிற வியாபாரம் சின்னச் சின்னது. பைன் மரக் கொட்டைகளை 2018 நவம்பரில் விமானத்தில் சீனாவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஆட்சி மாறியதும் அது நின்றது, 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 டிசம்பரிலிருந்து ஆப்கான் பொருட்கள் எல்லாவற்றுக்கும் சீனா இறக்குமதி வரியை நீக்கியிருக்கிறது. மலையில் கொட்டை பொறுக்கி விற்கிற குடும்பத்துக்கு அதனால் உண்மையான வருமானம் உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மெஸ் அய்னாக் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் செம்புக்கு மேலேதான் பழைய பௌத்த நகரம் ஒன்று புதைந்து கிடக்கிறது: விகாரைகள், தூபிகள், சிலைகள். 2001 மார்ச்சில் பாமியான் புத்தர் சிலைகளைத் தலிபான் வெடிவைத்துத் தகர்த்தபோது இலங்கை முழுவதும் எவ்வளவு வேதனைப்பட்டது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் அந்தச் சிலைகளை நேரில் பார்த்து எழுதிவைத்தார். அவருக்கு இருநூறு வருடம் முன்னால் இன்னொரு சீனத் துறவியான பாஹியன் பாமிர் மலைகளைத் தாண்டி, காந்தார தேசத்தையும் இந்தியாவையும் கடந்து அனுராதபுரம் வரை வந்து தங்கினார். சீனாவையும் ஆப்கானிஸ்தானையும் நம் தீவையும் இணைத்த அந்தப் பாதையின் மிச்சம் இப்போது ஒரு சுரங்க அனுமதிப் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. தொல்பொருளைக் காப்பதாகத் தலிபான் இப்போது சொல்கிறது. காக்கட்டும்.

சீனர்களுக்கு அங்கே பாதுகாப்பு இருக்கிறதா?

முழுமையாக இல்லை. 2022 டிசம்பர் 12இல் சீன வியாபாரிகள் தங்கும் காபூல் ஹொட்டல் ஒன்றின் மீது ஐ.எஸ். கொராசான் பிரிவு தாக்குதல் நடத்தியது. தலிபானைவிடக் கடும்போக்கான அந்தக் குழு, சீனாவுடன் தலிபான் பழகுவதையே துரோகமாகக் காட்டி ஆள் சேர்க்கிறது.

அடுத்த சிக்கல் பாகிஸ்தான். சீனாவின் நெருங்கிய நண்பன் அது. அங்கே வேலை செய்த சீனப் பொறியியலாளர்கள் 2021 ஜூலையில் தாசு பகுதியில் ஒன்பது பேர், 2024 மார்ச்சில் பேஷாம் பகுதியில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். ஆப்கானிஸ்தானில் ஒளிந்திருக்கும் பாகிஸ்தானியத் தலிபான்களே (இது ஆப்கான் தலிபான் அல்ல, வேறோர் ஆயுதக் குழு) காரணம் என்கிறது இஸ்லாமாபாத், காபூல் மறுக்கிறது. 2025 மே மாதம் மூன்று வெளிவிவகார அமைச்சர்களையும் சீனா பீஜிங்கில் உட்கார வைத்தது, ஓகஸ்டில் காபூலில் மறுபடியும் கூடினார்கள். ஆனால் ஒக்டோபரில் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் எல்லையில் கடுமையாக மோதிக்கொண்டன. அந்தச் சண்டையைத் தோஹாவில் பேசி நிறுத்தியவர்கள் கத்தாரும் துருக்கியும். இரண்டு பக்கத்தையும் அதட்டி உட்கார வைக்கும் அளவுக்குச் சீனாவுக்குச் செல்வாக்கு இன்னும் வரவில்லை என்பதை அது காட்டியது.

பெண் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்கிற ஆட்சியைப் பற்றிச் சீனா என்ன சொல்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு மாணவி. என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். பலருடைய அம்மா கொழுந்து பறிக்கிறார். விடியப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போய், பின்னேரம் நிறுவைக்கு நின்று, அந்தச் சம்பளத்தில் டியூஷன் காசு கட்டுகிறார். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளை படிப்பதைச் சட்டம் போட்டுத் தடுக்கும் நாடு உலகில் ஒன்று இருக்கிறது என்று சொல்லும்போது எனக்குக் குரல் கம்முகிறது.

நடந்தது இது. 2021 செப்டெம்பரில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் இடைநிலைப் பாடசாலைகளைத் திறந்தார்கள். 2022 மார்ச் 23இல் பெண்களுக்கும் திறப்பதாகச் சொல்லி, பிள்ளைகள் சீருடையோடு வந்த பிறகு அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள். அதே வருடம் டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. குறைந்தது 14 இலட்சம் பெண் பிள்ளைகள் இடைநிலைக் கல்வி மறுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 2024 ஓகஸ்டில் யுனெஸ்கோ சொன்னது. 2025 ஜூலையில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், பெண்கள் மீதான துன்புறுத்தலுக்காக அகுன்சாதா மீதும் தலிபானின் பிரதம நீதியரசர் மீதும் பிடியாணை பிறப்பித்தது.

சீனா என்ன செய்தது? முற்றிலும் மௌனம் என்று எழுதினால் பிழை. ஐ.நா. நிறுவனங்களில் ஆப்கான் பெண்கள் வேலை செய்வதைத் தலிபான் தடுத்தபோது, 2023 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை அதைக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. சீனாவும் ஆதரவாகவே வாக்களித்தது. எல்லாத் தரப்பையும் சேர்த்த அரசு வேண்டும், மிதமான கொள்கை வேண்டும் என்று சீன அதிகாரிகள் அடிக்கடி சொல்வார்கள். ஆனால் செப்பு ஒப்பந்தத்திலோ, வரிச் சலுகையிலோ, தூதுவரை ஏற்பதிலோ 'முதலில் பள்ளிக்கூடத்தைத் திற' என்ற நிபந்தனை எங்கேயும் இல்லை. மறுபக்கத்தில், நிபந்தனை போட்டு ஒதுங்கி நின்ற மேற்கு நாடுகளாலும் கதவைத் திறக்க வைக்க முடியவில்லை என்பதும் உண்மை. அதற்காகக் கேட்காமலே இருப்பதை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன்.

முஸ்லிம்களுக்காகப் போராடுவதாகச் சொல்லும் தலிபான், உய்குர் முஸ்லிம்களைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பேசாமல் இருப்பதுதான் உடன்பாட்டில் அவர்கள் பங்கு. ஷின்ஜியாங்கில் நடந்த தடுத்துவைப்புகள் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்று 2022 ஓகஸ்ட் 31இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. சீனா அதை மறுத்தது. ஒக்டோபரில், அதைப் பற்றி விவாதிப்போமா என்று ஜெனீவாவில் வாக்கெடுத்தபோது அந்த யோசனை 19க்கு 17 என்ற கணக்கில் தோற்றது. விவாதமே வேண்டாம் என்றவர்களில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு இராச்சியம் எல்லாம் உண்டு. ஆகவே தலிபானை மட்டும் பிடித்துக் கேட்பதில் அர்த்தமில்லை.

தலிபானை விமர்சித்தால் இஸ்லாத்தை விமர்சிப்பதாக ஆகாதா? எங்கள் வகுப்பில் முஸ்லிம் நண்பர்கள் இருக்கிறார்கள்.

ஆகாது, ஆனால் எப்படிப் பேசுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பெண்கள் பல்கலைக்கழகம் போகத் தடை விதித்தபோது, அது ஷரீஆவுக்கே முரண் என்று சொன்னவர் எகிப்திலுள்ள இஸ்லாமியக் கல்வி நிலையமான அல்-அஸ்ஹரின் தலைமை இமாம். சவூதி அரேபியா, துருக்கி, கத்தார் எல்லாம் கண்டித்தன. தலிபானுக்குள்ளேயே பிரதி வெளிவிவகார அமைச்சராக இருந்த அப்பாஸ் ஸ்தானிக்சாய், 2025 ஜனவரியில் பெண்கள் பாடசாலைகளைத் திறக்கச் சொல்லி வெளிப்படையாகப் பேசினார்.

2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியைச் சுற்றியும் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டதை இந்த மலைகளில் வாழும் நாம் பார்த்தோம். கந்தஹாரில் ஒருவன் போடும் ஆணைக்குக் கம்பளையிலோ அக்குறணையிலோ இருக்கும் ஒரு குடும்பம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியா என்ன செய்கிறது?

ஆப்கான் நாடாளுமன்றக் கட்டடத்தையும் சல்மா அணையையும் கட்டிக் கொடுத்த இந்தியா, 2021இல் காபூல் தூதரகத்தை மூடிக்கொண்டு வந்தது. பாகிஸ்தானுக்கும் தலிபானுக்கும் உறவு கெட்டதும் நிலைமை மாறியது. 2025 ஒக்டோபரில் தலிபான் வெளிவிவகார அமைச்சர் முத்தாகி டில்லிக்கு வந்தார். இந்தியா தூதரகத்தை மீண்டும் திறப்பதாக அறிவித்தது. டில்லியில் அவர் நடத்திய முதல் செய்தியாளர் சந்திப்பில் பெண் செய்தியாளர்களுக்கு இடமில்லை. எதிர்ப்பு வந்ததும் இரண்டு நாளில் இன்னொன்று நடத்தி அவர்களை அழைத்தார். அந்தச் செய்தியாளர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதால்தான் அது நடந்தது.

பெரிய நாடுகள்தான் இப்படியா? நம் நாடு?

நம் நாடும்தான். 2012இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 251 மில்லியன் டொலர் கடன். தடைகளால் டொலரில் கட்ட முடியவில்லை. அதைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதாக 2021 டிசம்பரில் உடன்பாடு செய்து, 2023இல் அனுப்பத் தொடங்கினார்கள். இடையில்தான், 2022 செப்டெம்பரில், மஹ்சா அமீனி என்ற இளம்பெண் ஈரானியப் பொலிஸ் காவலில் இறந்து, பெண்கள் வீதிக்கு வந்தார்கள். நம் பெண்கள் பறித்த கொழுந்து ஒரு மதவாத அரசின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கடனைக் கட்ட வேண்டும், தேயிலை விற்க வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. பறித்தவர்களுக்கு இது சொல்லப்பட்டதா என்பதுதான் என் கேள்வி.

எங்கேயோ இருக்கும் ஆப்கானிஸ்தான் எங்களுக்கு எதற்கு, சேர்?

ஒரு தகப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. 1948இல் குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களான நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டில்லியில் கையெழுத்திட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு அரசுகளின் நல்லுறவுக்கு அது மிகவும் உதவியது. தலைமன்னார்க் கப்பலில் அண்ணன் போக, தங்கச்சி லயத்தில் (தோட்ட வரிசை வீட்டில்) நின்று அழுதாள். அந்த மேசையில் நமக்குக் கதிரை போடவில்லை.

காபூலில் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கும், ஷின்ஜியாங்கில் தகப்பன் எங்கே என்று தெரியாத பிள்ளைக்கும் தியன்ஜினில் கதிரை போடவில்லை. ஒப்பந்தச் செய்தியைப் படிக்கும்போது யார் கையெழுத்திட்டார்கள் என்பதோடு, யாரைப் பற்றிக் கையெழுத்திட்டார்கள் என்றும் தேடச் சொல்வது அதனால்தான். நம் வீட்டிலேயே நடந்த ஒன்றை அடையாளம் காண நமக்குக் கஷ்டம் இருக்காது.

பரீட்சையில் இதை எப்படி எழுதுவது?

தேசிய நலன், தலையிடாமை, நடைமுறை அங்கீகாரம் (முறைப்படி அறிவிக்காமல் அரசாக நடத்துவது), சட்டபூர்வ அங்கீகாரம் (முறைப்படி அறிவித்து ஏற்பது) ஆகிய நான்கையும் விளக்கி, ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ள உதாரணம் ஒன்றைக் கொடுங்கள். வருடம் தவறாமல் எழுதுங்கள். பழைய குறிப்புகளில் 'எந்த நாடும் தலிபானை அங்கீகரிக்கவில்லை' என்று இருக்கும். ரஷ்யா அங்கீகரித்த பிறகு அது பொருந்தாது, திருத்திக்கொள்ளுங்கள். அமு தர்யா எண்ணெய் ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதாகச் சொல்லும் குறிப்புகளும் சுற்றுகின்றன. அதையும் வெட்டிவிடுங்கள்.